அக்காவிடம் கேட்காத கேள்வி

புதன்கிழமை காலை நரெல் பாஸ்கோ ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது அக்கா கிளெண்டா அழைத்தாள். அந்த அழைப்பை நரெல் எதிர்பார்த்துத்தான் இருந்தாள். அன்றைய நாளிதழின் முதல் பக்கத்தில் அவர்கள் பிறந்த ஊரான குராபினின் பெயர் கொட்டை எழுத்தில் வந்திருந்தது. அதன் கீழே நரெலின் பெயர். குராபின் மருத்துவமனை வளாகத்தில் நாற்பது மில்லியன் டாலரில் ஒரு புதிய குடும்ப நல மையம் வரப்போகிறது என்பது செய்தி. அக்கா அந்த மருத்துவமனையில்தான் பல வருடங்களாகப் பிரசவம் பார்க்கிறாள். சந்தோஷத்தில் கத்துவாள் என்று நினைத்து, நரெல் போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளியே பிடித்துக்கொண்டாள்.

அக்கா கத்தவில்லை.

"ரெல், உனக்குத் தெரியுமா?"

"என்னது தெரியுமாவா? நான்தானே எழுதினேன்."

"எங்க பிரசவ வார்டை மூடுறாங்கன்னு உனக்குத் தெரியுமான்னு கேக்குறேன்."

நரெலின் கையில் வெண்ணெய்க் கத்தி அப்படியே நின்றது.

"இப்பத்தான் டீ ரூம்ல எங்க எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வச்சுச் சொன்னாங்க. இந்த மாசக் கடைசிக்கு மேல குராபின்ல பிரசவம் கிடையாதாம். வலி வந்தா ரெண்டு மணி நேரம் கார்ல போகணுமாம். மேனேஜர் உன் செய்தியை பிரிண்ட் எடுத்துட்டு வந்து செவுத்துல ஒட்டினான். 'பாருங்க, பேப்பரே பாராட்டுது, நீங்க ஏன் மூஞ்சியத் தூக்குறீங்க'ன்னு கேட்டான். நான் உன் பேரைப் பாத்துட்டே நின்னேன்டி."

"இல்ல கிளெண்டா, இரு, அப்படி இருக்காது. அமைச்சர் ஆபீஸ் குடுத்த அறிக்கையில அந்த மாதிரி ஒண்ணும்..."

"நேத்து சாயந்திரம் என்கிட்ட அரை மணி நேரம் பேசினே." அக்காவின் குரல் தாழ்ந்துகொண்டே போனது. கோபம் கூடக்கூட அவள் குரல் தாழும். "டீகனோட குழந்தைக்கு நீ பின்னுற குல்லாயைப் பத்திப் பேசினே. என் நாய்க்கு உண்ணி வந்ததைப் பத்திப் பேசினே. எங்க ஆஸ்பத்திரியைப் பத்தி எழுதி வச்சிட்டு, அதப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. ஏன்டி கேக்கல?"

நரெலிடம் பதில் இருந்தது. அதை வாய்விட்டுச் சொன்னால் எப்படி ஒலிக்கும் என்பது அந்த நொடியில்தான் அவளுக்கு உறைத்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் அக்கா போனை வைத்துவிட்டாள்.

டீகன் அக்காவின் மகள். அவளுக்குப் பிரசவ நாள் குறித்திருப்பது அடுத்த மாத நடுவில்.

நரெலின் தொழில் குராபினில்தான் தொடங்கியது. பள்ளி முடித்த கையோடு ஊர் வாரப் பத்திரிகையில் சேர்ந்தாள். ஆட்டுச் சந்தை விலை, பெண்கள் வலைப்பந்து முடிவுகள், நகராட்சிக் கூட்டத்தில் யார் யாரைப் பார்த்து என்ன சொன்னார் என்பதுதான் வேலை. சின்ன ஊரில் தப்பாக எழுதினால் தண்டனைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. யாரைப் பற்றி எழுதினோமோ அவரே மறுநாள் பேக்கரி வரிசையில் பின்னால் வந்து நிற்பார். ஒருமுறை, குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர் என்று அண்ணன் பெயருக்குப் பதிலாகத் தம்பி பெயரைப் போட்டுவிட்டாள். அந்தத் தம்பி ஒன்றும் திட்டவில்லை. பேக்கரியில் எல்லோர் முன்னாலும், "என்னம்மா, இந்த வாரம் நான் என்னென்ன செஞ்சேன்? சொன்னீன்னா வீட்டுல போய் ஒத்துக்குவேன்" என்று கேட்டார். கடையே சிரித்தது. அதிலிருந்து யாரைப் பற்றி எழுதினாலும் எழுதுவதற்கு முன்னால் அவரைக் கூப்பிட்டுக் கேட்காமல் அந்த ஊரில் அவள் எழுதியதில்லை.

பிறகு அந்தப் பத்திரிகையை நகரத்து நிறுவனம் ஒன்று வாங்கியது. பக்கங்கள் குறைந்தன, ஆட்கள் குறைந்தார்கள், ஒரு கிறிஸ்துமஸுக்குப் பிறகு இதழ் வரவேயில்லை. இப்போது அந்தக் கட்டிடத்தில் பழைய துணி விற்கிறார்கள். நரெல் அதற்கு வெகுகாலம் முன்பே தலைநகருக்கு வந்து, மாநில நாடாளுமன்றத்தில் தன் நாளிதழின் நிருபராகிவிட்டாள். மணமாகி, மணவிலக்காகி, ரயில் பாதையோரம் ஒரு சின்னச் செங்கல் வீட்டில் தனியாக இருக்கிறாள். வயது ஐம்பத்துநான்கு.

அவள் வந்த காலத்தில், நாடாளுமன்றத்தில் எல்லா நாளிதழ்களுக்கும் அறை உள்ள நிருபர் தளத்தில் தோளோடு தோள் இடிக்காமல் நடக்க முடியாது. இப்போது பாதி அறைகளில் உடைந்த நாற்காலிகள்தான் இருக்கின்றன. ஒவ்வொரு முறை ஆட்குறைப்பு நடக்கும்போதும் ஒரு கேக் வரும். விடைபெறுகிறவர் வாசலை நோக்கி நடக்கையில் எல்லோரும் கையில் கிடைத்ததை எடுத்து மேசையில் தட்டுவார்கள். அச்சுக்கூடத்துக் காலத்து வழக்கம் அது. ஃபிரேசர் வெளியேறிய அன்று நரெல் தட்டிய தட்டில் அவளுடைய ஸ்டேப்ளர் உடைந்தே போனது. பக்கத்து நாற்காலியில் ஏழு வருடம் உட்கார்ந்திருந்தவன் அவன். நல்ல நிருபன். அடுத்த மாதமே மாடிக்கு, அமைச்சர் அலுவலகத்துக்குப் போய்விட்டான். வெளியேறுகிறவர்களில் பாதிப்பேர் போகிற இடம் அதுதான். கீழ்த்தளத்தில் கேள்வி கேட்பவர்கள் குறையக் குறைய, மேல்தளத்தில் பதில் தயாரிப்பவர்கள் பெருகிக்கொண்டே போனார்கள்.

செவ்வாய்க்கிழமை மாலை அந்த ஃபிரேசர்தான் இரண்டு கையிலும் காபியோடு இறங்கி வந்தான்.

"அம்மணி, உங்களுக்கு ஒரு சரக்கு கொண்டாந்திருக்கேன்."

"உன் சரக்கெல்லாம் மூணு நாள் பழசா இருக்குமே."

"இது உங்க ஊர்ச் சரக்கு. குராபின். நாற்பது மில்லியன். முதல் பக்கம் போடுறீங்கன்னா வேற யாருக்கும் தர மாட்டேன்."

நரெலுக்கு நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளியது. அவளுடைய நாளிதழின் முதல் பக்கத்தில் குராபின் கடைசியாக வந்தது வெள்ளத்தின்போது.

"வழக்கமான நிபந்தனைதான்" என்றான் ஃபிரேசர். "காலைல பேப்பர் வர்ற வரைக்கும் யாருக்கும் போன் போடக் கூடாது. எதிர்க்கட்சி, யூனியன், டாக்டருங்க, ஆஸ்பத்திரி, ஒருத்தரும் கூடாது. பிடிக்கலைன்னா பரவாயில்ல. எதிர் ரூம்ல உங்க போட்டிப் பேப்பர் லியென் இன்னும் வீட்டுக்குப் போகல."

நாடாளுமன்றக் கட்டிடத்தில் இதற்கு 'இறக்குதல்' என்று பெயர். மறுநாள் அறிவிக்கப்போவதை முந்தின மாலையே ஒரு பத்திரிகைக்கு மட்டும் இறக்குவார்கள். வாங்கிக்கொள்கிறவர் மறுதரப்பைக் கேட்கக் கூடாது. வேண்டாம் என்றால் சரக்கு எதிர் அறைக்குப் போகும். 'அவர்களிடம் இருப்பது நம்மிடம் ஏன் இல்லை' என்று ஆசிரியர் காலையில் கேட்பார். எல்லோரும் வாங்குகிறார்கள். முதல் நாள் அமைச்சர் சொன்னது வரும், மறுதரப்பு மறுநாள் வரும் என்பது ஏற்பாடு. மறுநாளைக்கு வேறொரு சரக்கு இறங்கியிருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்தாலும் யாரும் அதைச் சொல்வதில்லை. அன்று நரெல் ஏற்கெனவே இரண்டு செய்திகள் எழுதியிருந்தாள். தன் முகத்தைத் தானே போனில் படம் பிடித்து ஒரு காணொளி அனுப்பியிருந்தாள். இன்னும் வாராந்திர ஒலிப்பதிவு பாக்கி. காபி ஆறுவதற்குள் எழுதி முடித்தாள்.

அக்காவும் தங்கையும் செவ்வாய்க்கிழமைதோறும் பேசிக்கொள்வார்கள். அன்று ரயிலிலிருந்து இறங்கி நடக்கும்போதே நரெல் கூப்பிட்டாள். அக்கா வழக்கம்போலப் பொரிந்தாள். "எங்க ஆபீஸ்ல இருக்கிறதுங்க சுத்த சோம்பேறிங்க. அடுத்த மாச டியூட்டி அட்டவணையே இன்னும் போடல. டீகன் பிரசவத்தன்னைக்கு நான் டியூட்டில இருப்பேனா மாட்டேனான்னுகூடத் தெரியல."

"உங்க ஆபீஸ் என்னைக்குத்தான் ஒழுங்கா இருந்துச்சு?" என்று சிரித்தாள் நரெல்.

குராபின் செய்தி அவள் நாக்கு நுனிவரை வந்தது. வாக்குக் கொடுத்துவிட்டோமே என்று அடக்கிக்கொண்டாள். இத்தனை வருடத்தில் கொடுத்த வாக்கை ஒருமுறைகூட மீறியதில்லை என்பதில் அவளுக்கு ஒரு பெருமை உண்டு. அந்தப் பெருமையோடுதான் சொன்னாள்: "நாளைக்குக் காலைல என் பேப்பரைப் பாரு."

"ஏன், எந்தப் பக்கத்துல மீன் சுத்தினா நாத்தம் வராதுன்னு போட்டிருக்கியா?" என்றாள் அக்கா.

இப்போது, அக்கா போனை வைத்த பிறகு, வேலைக்குப் போகும் ரயிலில் உட்கார்ந்து தன் செய்தியை முதன்முறையாகப் படிப்பதுபோல் படித்தாள். நாற்பது மில்லியன் சரி. கட்டிடம் சரி. 'பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்மார்களுக்கு முழுமையான கவனிப்பு' என்று அமைச்சர் சொன்னதாக ஒரு வரி. அதை அவளே தட்டச்சு செய்திருந்தாள். முன்னும் உண்டு, பின்னும் உண்டு. பிரசவத்தைப் பற்றி மட்டும் எங்கேயும் ஒரு சொல் இல்லை. சின்ன வயதில் அண்ணன் தம்பி பெயரை மாற்றிப் போட்டது நினைவுக்கு வந்தது. அது கைத்தவறு. இதில் ஒரு எழுத்துகூடத் தவறு இல்லை.

ஃபிரேசர் நாடாளுமன்ற முற்றத்துக் காபி வண்டியருகே நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

"முதல் பக்கம் பிரமாதம். அமைச்சர் சந்தோஷத்துல இருக்கார்."

"பிரசவ வார்டை மூடுறீங்களா?"

"மூடுறோம்னு யார் சொன்னது? சேவைகளை ஒரே இடத்துல சேக்குறோம்."

"எங்க? நூத்தி நாப்பது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கமா?"

அவன் காபியை ஒரு வாய் குடித்தான். "பாதுகாப்பு அதிகமான இடத்துல."

"நீ என்கிட்டப் பொய் சொல்லியிருக்கே."

"நான் ஒரு பொய் சொன்னதாக் காட்டுங்க, இங்கேயே மன்னிப்புக் கேக்குறேன். நீங்க கேட்டீங்களா?"

"கேக்கக் கூடாதுன்னு சொன்னது நீதானே!"

"மத்தவங்களக் கேக்காதீங்கன்னுதான் சொன்னேன், நரெல். என்னைக் கேக்க வேணாம்னு சொல்லலியே." அவன் குரலில் ஏளனம் இல்லை. அதுதான் அவளைத் திகைக்க வைத்தது. பழைய சக நிருபனுக்குத் தொழில் நுணுக்கம் ஒன்றைச் சொல்வதுபோல் சொன்னான். "நீங்க என்னைக் கேட்டிருந்தா நான் சொல்லித்தான் ஆகணும். கேப்பீங்கன்னு நெனச்சேன், உண்மையா. பதில்கூட ரெடியா வச்சிருந்தேன்."

அவன் படியேறிப் போன பிறகும் அவள் அங்கேயே நின்றாள். வண்டிக்காரப் பெண் இரண்டுமுறை என்ன வேண்டும் என்று கேட்டது அவள் காதில் விழவில்லை.

ஆசிரியர் கோஸ்டாஸ் அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். கெட்டவர் அல்ல. கண்ணுக்குக் கீழே பை தொங்க, எந்நேரமும் யாரை அடுத்து வேலையை விட்டு அனுப்ப வேண்டிவரும் என்ற கணக்கிலேயே வாழும் மனிதர்.

"திருத்தம் போடணும்ங்கற. எந்த வரியத் திருத்தறது? காட்டு."

"எல்லா வரியும் சரிதான். செய்திதான் தப்பு."

"அதைத் திருத்தத்துல எப்படிப் போடுறது, சொல்லு?" கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார். "புதுச் செய்தியா எழுது. ஆனா மாடியில இருக்கிறவங்க நம்மள ஒதுக்கிடுவாங்க. பட்ஜெட்டுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு. ஒவ்வொரு நாளும் சரக்கு எதிர் ரூமுக்குப் போகும். அதைத் தாங்கணும்னா எனக்குக் கெட்டியான ஆள் வேணும். ஆஸ்பத்திரிக்குள்ள இருந்து, பேரோட, படத்தோட. 'பெயர் சொல்ல விரும்பாத'ன்னு வந்தா நான் போட மாட்டேன். அவங்க வக்கீல் நோட்டீஸ் அனுப்பினா கட்டறதுக்கு நம்மகிட்ட ஒண்ணுமில்ல."

மருத்துவமனை ஊழியர் பத்திரிகையிடம் பேசினால் வேலை போகும். வேலையில் சேரும்போதே கையெழுத்து வாங்கிவிடுவார்கள். இது நரெலுக்கும் தெரியும், கோஸ்டாஸுக்கும் தெரியும்.

அவள் நாடாளுமன்றப் படிக்கட்டடியில் நின்று அக்காவைக் கூப்பிட்டாள். மூன்றுமுறை அடித்து ஓய்ந்தது. நான்காவது முறை எடுத்தாள்.

"நான் சொல்றதக் கேளு" என்று தொடங்கி எல்லாவற்றையும் கொட்டினாள்: நிபந்தனை, வாக்கு, முன்னும் பின்னும், ஃபிரேசர். கடைசியாக, கேட்க நா கூசியதைக் கேட்டாள். "நீ பேசுவியா? உன் பேரோட. வேலை போகலாம். நான் உன்னை வற்புறுத்தல."

அந்தப் பக்கம் யாரோ தள்ளுவண்டியை உருட்டிப்போகும் சத்தம். பிறகு அக்கா, "பேசறேன்" என்றாள்.

நரெல் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பேரோட பேசறேன். போட்டோவும் எடுத்துக்கட்டும். போன வருஷம் மழையில ரோடு மூடினப்ப இங்க எத்தனை பிரசவம் பாத்தோம்னும் சொல்றேன். வேலை போனா போவுது. என் பொண்ணு நடுரோட்டுல கார்ல பெத்துக்கிறதுக்கு நான் வாயை மூடிட்டு இருக்கணுமா? ஆனா உன்கிட்டச் சொல்ல மாட்டேன்."

"என்ன?"

"உன்கிட்ட மாட்டேன், ரெல். வேற யாரையாச்சும் கூப்பிடச் சொல்லு."

"கிளெண்டா, நான் உன் தங்கச்சிடி."

"அதனாலதான். உன் பேப்பர்ல வந்தா 'அக்கா பேச்சக் கேட்டுத் தங்கச்சி எழுதிட்டா'ன்னு அதே மேனேஜர் சிரிச்சுட்டே போவான்." நிறுத்தினாள். அடுத்துச் சொன்னது இன்னும் தாழ்ந்த குரலில் வந்தது. "அது மட்டும் இல்ல. நான் சொன்னதக் கேட்டுட்டு, எழுதறதுக்கு முன்னாடி நீ வேற யாருக்கு என்ன வாக்குக் குடுத்திருப்பேன்னு எனக்குத் தெரியாது. நேத்து வரைக்கும் தெரியும்னு நெனச்சிட்டிருந்தேன்."

நரெல் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். பள்ளிக் குழந்தைகள் கூட்டம் ஒன்று கட்டிடத்தைச் சுற்றிப் பார்க்க வந்திருந்தது. அவளைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறிப் போனது. ஒரு சிறுமி, "மிஸ், அவங்களுக்கு உடம்பு சரியில்லயா?" என்று கேட்டதும், ஆசிரியை "உஷ்" என்றதும் எங்கோ தூரத்தில் கேட்டன.

அவள் எழுந்து நிருபர் தளத்துக்குப் போனபோது தன் அறைக்குள் போகவில்லை. எதிர் அறைக் கதவைத் தட்டினாள். அத்தனை வருடத்தில் அந்தக் கதவை அவள் தட்டியது அதுதான் முதல்முறை.

லியென் வோ பன்றிக்கறி வைத்த வியட்நாம் ரொட்டியைக் கடித்துக்கொண்டே தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். நரெலைக் கண்டதும் அனிச்சையாகத் திரையை அணைத்தாள்.

"உனக்கு ஒரு செய்தி இருக்கு" என்றாள் நரெல். "குராபின்ல பிரசவ வார்டை மூடுறாங்க. இந்தா நம்பர். அங்க மகப்பேறு நர்ஸ். பேரோட பேசுவாங்க."

லியென் மெல்லுவதை நிறுத்தினாள். "குராபின் உங்க செய்தியாச்சே. என்ன இது, எனக்குப் பொறி வைக்கிறீங்களா?"

"இல்ல."

"கோஸ்டாஸுக்குத் தெரியுமா?"

"இப்பப் போய்ச் சொல்லப்போறேன்."

"உங்கள வேலைய விட்டுத் தூக்கிடுவாரு, அக்கா." அந்தச் சொல் லியெனின் வாயில் தானாக வந்துவிட்டது. வீட்டில் மூத்தவர்களை அவர்கள் முறை சொல்லித்தான் கூப்பிடுவார்கள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். நரெலுக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது.

"அந்த நர்ஸ் எங்க அக்கா" என்றாள். "அதையும் எழுதிக்கோ. மறைச்சு எழுதாத."

கோஸ்டாஸ் கத்தவில்லை. "முதல் பக்கச் செய்தியத் தூக்கி எதிராளிக்குக் குடுத்திருக்க" என்று இரண்டுமுறை சொன்னார், ஒருமுறை அவளைப் பார்த்து, இன்னொருமுறை சன்னலைப் பார்த்து. பிறகு, "வெள்ளிக்கிழமை வந்து என்னைப் பாரு" என்றார். விடைபெறுகிறவர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில்தான் கேக் வாங்குவார்கள்.

அவள் தன் மேசைக்குத் திரும்பினாள். மதியத்துக்குமேல் மேசைத் தொலைபேசி அடித்தது. அந்தத் தொலைபேசியை யாரும் கூப்பிட்டு மாதக்கணக்காகிவிட்டது.

"நரெல் பாஸ்கோவா? லியென் வோ பேசறேன்." எதிர் அறையிலிருந்துதான். நடந்து வந்தால் பத்தடி. இரண்டு அறைக் கதவுகளும் திறந்திருந்ததால் அந்தக் குரல் ஒரு காதில் போனிலும் மறு காதில் நேராகவும் விழுந்தது. "குராபின் மருத்துவமனை செய்தி சம்பந்தமா உங்க கருத்துக் கேக்கணும். நீங்க சொல்றது பதிவாகும். சரிதானே?"

"சரி."

"நீங்க எழுதறதுக்கு முன்னாடி அந்த மருத்துவமனையில வேலை செய்யற யார்கிட்டயாவது பேசினீங்களா?"

இந்தக் கேள்வியை நரெல் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டுப் பேனாவை எடுத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறாள். பதில் சொல்கிற பக்கத்தில் காற்று இவ்வளவு குறைவாக இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"பேசினேன்" என்றாள். "எங்க அக்காகிட்ட. அரை மணி நேரம். இதப் பத்தி மட்டும் கேக்கல."

"ஏன் கேக்கல?"

"யாரையும் கேக்க மாட்டேன்னு அமைச்சர் ஆபீசுக்கு வாக்குக் குடுத்துட்டுத்தான் செய்தியை வாங்கினேன்."

எதிர் அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. "இதை அப்படியே போட்டா..." லியென் தணிந்த குரலில் இழுத்தாள். "நாங்களும்தான் வாங்குறோம். போன வாரம்கூட நான் ஒண்ணு வாங்கினேன். இது வெளிய வந்தா யாருக்கும் இனிமே எதையும் இறக்க..."

"தெரியும்."

"உங்க பேரோடவா?"

"என் பேரோடதான்."

எதிர் அறையில் தட்டச்சுச் சத்தம் மறுபடி தொடங்கியது.

"திரும்பப் படிச்சுக் காட்டறேன்" என்று சொல்லி, லியென் படித்தாள். தன் வாயால் சொன்ன அதே சொற்கள்தான். இன்னொருத்தியின் குரலில், நிதானமாக, எந்த உணர்ச்சியும் கலக்காமல் வந்தபோது, காலையில் அக்கா சொல்லிக் கேட்டது போலவே நரெலுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"சரியா இருக்கா?"

"சரியா இருக்கு" என்றாள் நரெல். "போடு."